மொத்தமா மாத்திடுங்க சார்!

எனக்கு அலர்ஜியான வாக்கியம் இது. மிக்ஸிக்கும் இதைத்தான் சொல்கிறார்கள், ஃபேனுக்கும் இதைத்தான் சொல்கிறார்கள். போன மாதம் எங்கள் வீட்டுக் குழாய்க்கும் சொல்லிவிட்டார்கள்.

இருபத்தைந்து வருஷத்துப் பித்தளைக் குழாய் அது. சொட்ட ஆரம்பித்தது. சொட்டுகிறதே என்று ஆளாளுக்கு இறுக்கி மூடினோம். விளைவு? மூட்டுவலிக்கார அம்மாவால் அதைத் திறக்கவே முடியவில்லை. யாரிடமும் சொல்லாமல் பின்கட்டிலிருந்து பக்கெட்டில் தண்ணீர் தூக்கி வந்துகொண்டிருந்தார், ஈரத் தரையில். ஒருநாள் ராத்திரி தற்செயலாகப் பார்த்தேன். பகீரென்றது.

வாஷர் தேய்ந்திருக்கும். பதினைந்து ரூபாய் சமாசாரம். ஆனால், வாஷரை மாற்ற ஸ்பிண்டிலை எடுக்க வேண்டும். ஸ்பிண்டிலை எடுக்க அதன் தலையில் உட்கார்ந்திருக்கும் கைப்பிடியைக் கழட்ட வேண்டும். அதுதான் வரமாட்டேன் என்றது.

பிளம்பர் தம்பி வந்தார். இரண்டு தட்டு தட்டினார். ‘‘பிடிச்சிக்கிச்சு சார். மொத்தமா மாத்திடுங்க, ரெண்டாயிரத்துல முடிச்சிடலாம்’’ என்றபடியே பைப் ரெஞ்சைப் போட்டுக் குழாயையே முறுக்கினார். ‘மடக்’கென்று ஒரு சத்தம். சுவர் டைலில் விரிசல்! உள்ளே பைப் உடையாதது யார் செய்த புண்ணியமோ. கூலியைக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

நான் பி.காம்., ஸ்பானருக்கும் எனக்கும் ஸ்நானப்பிராப்திகூடக் கிடையாது. ஆனால், பதினைந்து ரூபாய் ரிப்பேர் செலவை இரண்டாயிரம் ரூபாய் முதலீடாக மாற்றுகிற வித்தையை எந்தக் கணக்கு வாத்தியாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

கைப்பிடி ஏன் பிடித்துக்கொள்கிறது? நம்ம போர்வெல் தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்பு, ஸ்பிண்டில் தலையின் பற்களுக்கு இடையே போய் இறுகிவிடுகிறது. போதாக்குறைக்கு ஸ்பிண்டில் பித்தளை, கைப்பிடி துத்தநாகக் கலவை. இரண்டு உலோகமும் ஈரத்தில் ஒட்டிக் கிடந்தால் அரிப்பு வரும். அம்மா பாஷையில், களிம்பு. அவ்வளவுதான் வியாதி. குழாய் சாகவில்லை ஐயா, அதற்குச் சளி பிடித்திருக்கிறது!

முதலில் தண்ணீரை அடைத்தேன் (அந்த வால்வும் இறுகிக் கிடந்தது, அது தனிக் கதை). கைப்பிடி உச்சியில் இருக்கும் வண்ணப் பொத்தானை நெம்பி எடுத்தால் உள்ளே ஸ்க்ரூ. கழட்டும்போது தரை ஓட்டையைத் துணியால் மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் ஸ்க்ரூ சாக்கடைக்குப் போய்விடும். அப்புறம் வினிகர் நனைத்த துணியைச் சுற்றினேன். சுண்ணாம்பு அதில் கரையும். அரை மணிக்கு மேல் விடக்கூடாது, குரோமியப் பூச்சு மங்கிவிடும். கழுவித் துடைத்துவிட்டு, மெக்கானிக் கடைத் துருநீக்கி எண்ணெயை அடித்து ராத்திரி முழுக்க ஊற விட்டேன். காலையில் வெந்நீர்த் துணி. சூட்டில் துத்தநாகக் கலவை பித்தளையைவிட அதிகம் விரியும், நூலிழை இடைவெளி கிடைக்கும்.

அப்படியும் லேசாக ஆடியதே தவிர வரவில்லை. சுத்தியலை எடுக்கப் போனவன், தெருமுனை டூ-வீலர் மெக்கானிக்கிடம் போய், பேரிங் பிடுங்கும் சின்ன புல்லரை இரவல் வாங்கி வந்தேன். இரண்டு கொக்கியும் கைப்பிடியின் அடியைப் பிடித்துக்கொள்ள, நடுத் திருகைச் சுற்றச் சுற்ற... ‘டப்’. வந்துவிட்டது!

பிளம்பர் தம்பிக்கு இது தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? புதுக் குழாய் மாட்டினால் அரை மணி நேரத்தில் கூலி. கடையில் கமிஷன் கிடைத்தாலும் கிடைக்கும். கைப்பிடியோடு அரைநாள் மல்லுக்கட்டினால் நாம் என்ன கொடுப்போம்? ‘ஒரு வாஷருக்கா முந்நூறு ரூபா?’ என்போம். நானே கேட்டிருக்கிறேன். ரிப்பேர் செய்கிறவனின் நேரத்துக்குக் காசு கொடுக்க மூக்கால் அழுகிறோம், புதுக் குழாய்க்கு பில்லைப் பார்க்காமல் கொடுக்கிறோம். அப்புறம் அவர் எதற்குக் கழட்டுவார்?

கம்பெனிகளோ வருஷத்துக்கொரு மாடல் விடுகின்றன, பழசுக்கு ஸ்பிண்டில் கேட்டால் கடை அண்ணாச்சி உதட்டைப் பிதுக்குகிறார். 2022-ல் மத்திய அரசு ‘பழுதுபார்க்கும் உரிமை’க்கு ஒரு குழு போட்டது. விவசாயக் கருவி, மொபைல், வீட்டு உபயோக சாதனம், வாகனம் என்று நாலு துறைகளைச் சொன்னார்கள். குழாய் என்று யாரும் வாய் திறந்த மாதிரி தெரியவில்லை.

வாஷர் மாற்றியாயிற்று. அம்மா இப்போது இரண்டு விரலால் திறக்கிறார். அந்த டைல்தான் பாக்கி. கடையில் கேட்டேன். அந்த டிசைன் இப்போ வர்றதில்லையாம்... சுவர் முழுக்க மொத்தமா மாத்திடலாமாம்!