காற்றுக்கு என்ன விலை?

ஆனி, ஆடி மாதங்களில் திருநெல்வேலியிலிருந்து குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிறவர்கள், ஆலங்குளம் தாண்டியதுமே பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். காரணம் வேறொன்றுமில்லை. பஸ்ஸின் ஜன்னல் வழியே அடிக்கிற காற்றில் பேசினால் யார் காதிலும் விழாது! பாவூர்சத்திரம் வந்துவிட்டால் தலைமுடியைக் கட்டி வைப்பதே பெரும்பாடு. செங்கோட்டைக் கணவாய்க்குள் புகுந்து வரும் தென்மேற்குக் காற்று, சாரலையெல்லாம் மலைப் பக்கத்திலேயே உதறிவிட்டு, வெறுங்கையோடு, ஆனால் வெகு வேகத்தோடு இந்தச் சமவெளியில் இறங்குகிறது. அதை நம்பித்தான் பாவூர்சத்திரத்தைச் சுற்றிலும், சுரண்டைப் பக்கமும், சூரியகாந்தி பூக்கும் சுந்தரபாண்டியபுரத்துப் பக்கமும் காற்றாலைகள் நின்று கை வீசிக்கொண்டிருக்கின்றன.

காற்று சும்மா வருகிறது. தோண்ட வேண்டாம், கப்பலில் ஏற்ற வேண்டாம். புகையும் இல்லை, சாம்பலும் இல்லை. அப்படியிருக்க, அந்தக் காற்றில் பிறக்கும் மின்சாரம் நம் வீட்டுக்கு வந்து சேரும்போது மட்டும் ஏன் மலிவாக இல்லை? கட்டணச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு இப்படி யோசித்திருப்பீர்கள். சகோதரிகளே, நீங்கள் மட்டுமல்ல. ஐரோப்பாக் கண்டத்து இல்லத்தரசிகளும் சில வருஷங்களுக்கு முன் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். அவர்களுடைய சர்க்கார்களும் பதில் சொல்ல முடியாமல் திண்டாடின.

இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ளப் பொருளாதார நிபுணர் யாரும் வேண்டாம். பாவூர்சத்திரத்துக் காய்கறிச் சந்தை போதும்.

சுற்றுவட்டாரத்துத் தோட்டங்களில் விளைகிற தக்காளியும் வெண்டையும் கத்தரியும் மிளகாயும் அங்கேதான் வந்து குவிகின்றன. கணவாய் தாண்டிக் கேரளத்துக்கும் லாரி லாரியாகப் போகின்றன. அந்தச் சந்தையில் ஒரு வழக்கம் உண்டு. உலகத்துச் சந்தைகளிலெல்லாம் உள்ள வழக்கந்தான். வரத்துக் குறைந்த நாளில், உள்ளூர்த் தக்காளி போதாமல் வெளியூரிலிருந்து வாடகை கொடுத்து லாரியில் வரவழைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த லாரித் தக்காளி நாற்பது ரூபாய்க்குக் குறைந்து கட்டுபடியாகாது. அது இல்லாமலும் தீராது. அப்போது பக்கத்துத் தோட்டத்துக்காரர், "எனக்கு வாடகைச் செலவு இல்லை, பத்து ரூபாய்க்குத் தருகிறேன்" என்று சொல்வாரோ? மாட்டார். அவருக்கும் நாற்பதுதான். கடைசியாக வந்து குறையைத் தீர்க்கிற மூட்டையின் விலையே அன்றைக்கு எல்லா மூட்டைக்கும் விலை.

ஐரோப்பாவின் மின்சாரச் சந்தையும் இதே விதிப்படி நடக்கிறது. காற்று, வெயில், ஆற்று நீர், அணு என்று செலவு குறைந்த மின்சாரத்தை முதலில் வரிசையாக எடுத்துக்கொள்வார்கள். அதுவும் போதாத நேரத்தில் எரிவாயு நிலையங்களை மூட்டுவார்கள். எரிவாயுதான் அங்கே லாரித் தக்காளி. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்தது. ரஷ்யாவிலிருந்து வந்த எரிவாயு சுருங்கிற்று. அந்த வருஷம் ஆகஸ்டு மாதத்தில் எரிவாயுவின் விலை, பழைய நாட்களில் இருந்ததைப் போலப் பத்து மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. காற்றாலைக்காரருக்கு ஒரு காசு கூடுதல் செலவில்லை. ஆனாலும் எரிவாயுவின் விலை அவருக்கும் கிடைத்தது. கட்டணம் கட்டின குடும்பங்களோ குளிர்காலத்தில் கணப்பு மூட்டவே யோசித்தன.

ஐரோப்பிய ஒன்றியம் முதலில் அவசர வைத்தியம் செய்தது. எரிவாயு அல்லாத வழியில் மலிவாக மின்சாரம் ஆக்குகிறவர்கள் யூனிட்டுக்கு 18 சென்ட் வரைதான் வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் கிடைப்பதைத் திருப்பிக் குடும்பங்களுக்கும் தொழில்களுக்கும் உதவியாகக் கொடுக்க வேண்டும் என்று 2022 டிசம்பரிலிருந்து 2023 ஜூன் வரை ஒரு வரம்பு கட்டிற்று. நம் பணத்தில் அது அப்போது ஏறக்குறைய 15 ரூபாய்.

பிறகு 2024-ல் நிரந்தரமாக ஒரு சீர்திருத்தம் வந்தது. கடைசி மூட்டை விதியை அவர்கள் எடுத்துவிடவில்லை. அதோடு இன்னொன்றைச் சேர்த்தார்கள். சர்க்கார் உதவியோடு புதிதாக எழும் காற்றாலை, சூரிய மின் நிலையம் முதலானவற்றோடு பல வருஷத்துக்கு ஒரு விலை பேசிக்கொள்வது. சந்தை விலை அதற்குக் கீழே போனால் குறையைச் சர்க்கார் கொடுக்கும். மேலே போனால் மிகுதியை ஆலைக்காரர் திருப்பிக் கொடுக்க வேண்டும். விதைக்கும்போதே விலை பேசி, லாபத்திலும் நஷ்டத்திலும் இரு தரப்பும் கைகோத்துக்கொள்கிற மாதிரி. அதோடு, வீட்டுக்காரர்கள் விரும்பினால் மாறாத விலையில் மின்சாரம் பெறும் உரிமையும், எளிய குடும்பங்களின் இணைப்பைத் துண்டிக்காமல் பாதுகாப்பதும் அந்தச் சட்டத்தில் இடம் பெற்றன.

சந்தையில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. வரத்து மிதமிஞ்சினால் தக்காளியைப் பறிக்கிற கூலிகூடத் தேறாமல் சாலையோரம் கொட்டிவிட்டுப் போகிறார்களே, அது! ஜெர்மனியில் 2024-ம் வருஷத்தில் 457 மணி நேரம் மின்சாரத்தின் மொத்த விலை பூஜ்யத்துக்கும் கீழே போயிற்று. அதாவது, "மின்சாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், மேலே பணமும் தருகிறேன்" என்று விற்கிறவர் கெஞ்சின நேரம் அவ்வளவு! வெயிலும் காற்றும் ஒரே சமயத்தில் அள்ளிக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும். மின்சாரத்தை நெல்லைப் போலக் குதிரில் கொட்டி வைக்க முடியாதல்லவா?

அயலூர்க் கதை இருக்கட்டும். நம் ஊர்க் காற்றுக்கு என்ன ஏற்பாடு?

தமிழ்நாட்டில் காற்றாலைகள் முதலில் எழுந்தது 1986-ல், தூத்துக்குடிப் பக்கத்தில். ஒவ்வொன்றும் 55 கிலோவாட் திறனுள்ள சின்ன இயந்திரங்கள். பிறகு டென்மார்க் தேசத்து உதவியோடு கயத்தாற்றில் எழுந்தன. கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட அதே கயத்தாறுதான். இன்று காற்றாலைகளைச் சோதித்துப் பார்க்கும் தேசிய நிலையமும் அங்கே இருக்கிறது. 1990-களில் வருமான வரியில் சலுகை கிடைத்ததும், நூற்பாலைக்காரர்கள் போட்டி போட்டுக்கொண்டு இந்தப் பக்கத்தில் நிலம் வாங்கினார்கள். இப்போது மாநிலத்துக் காற்றாலைகளின் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. ஒரு காலத்தில் தூத்துக்குடியில் நட்ட இயந்திரத்தைப் போல 30, 40 இயந்திரங்களின் வேலையைத் தற்காலத்து இயந்திரம் ஒன்றே செய்கிறது.

இந்த ஆலைகள் பலவற்றின் மின்சாரத்தை வாரியம் அப்படியே விலைக்கு வாங்கிக்கொள்வதில்லை. கைமாற்று முறைதான். பாவூர்சத்திரத்தில் காற்றில் பிறந்த மின்சாரம் வாரியத்தின் கம்பியில் ஏறும். கோயமுத்தூரிலுள்ள சொந்தக்காரரின் ஆலை தன் கம்பியிலிருந்து அதை எடுத்துக்கொள்ளும். காற்று அடிக்கிற வைகாசி முதல் புரட்டாசி வரை மிச்சமானதை வாரியத்தின் கணக்கில் போட்டு வைத்து, காற்றில்லாத மாதங்களில் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். இதற்குச் சேமிப்புக் கூலி உண்டு. போட்டு வைத்த நூறில் 14 யூனிட்டைக் கழித்துக்கொள்ளலாம் என்று மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2018-ல் நிர்ணயித்தது.

இதில் என்ன சிக்கல் என்கிறீர்களா? பிசான அறுப்புச் சமயத்தில் அடுத்த வீட்டு அம்மாள் உங்களிடம் நூறு படி அரிசி கொடுத்து வைக்கிறாள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அப்போது அரிசி மலிவு. உங்கள் வீட்டிலும் குதிர் நிறைந்திருக்கிறது. ஐப்பசி மழையில் அரிசி விலை ஏறியிருக்கும்போது அவள் வந்து, "என் அரிசியைக் கொடு" என்கிறாள். கடையில் வாங்கித்தான் கொடுக்க வேண்டும். உங்களுக்கு எப்படி இருக்கும்? வாரியத்தின் முறையீடு அதுதான். ஆனி, ஆடியில் காற்று மிகுதி, வெக்கை குறைவு. மின்சாரத்துக்குக் கிராக்கி உச்சத்தைத் தொடுவதோ அக்கினி நட்சத்திரத்தை ஒட்டி. 2024 மே 2-ந் தேதி மாநிலத்தின் தேவை 20,830 மெகாவாட்டுக்கு ஏறியது. அப்படிப்பட்ட நாளில் வாரியம் வெளியில் வாங்க வேண்டியிருக்கிறது. நம் தேசத்திலும் 2008 முதல் மின்சாரத்துக்கு ஏலச் சந்தை உண்டு. அங்கும் கடைசி மூட்டை விதிதான். 2022 மார்ச்சில் அந்தச் சந்தையில் யூனிட் 20 ரூபாய்வரை போய், ஏப்ரலில் 12 ரூபாய் என்றும், அடுத்த வருஷம் 10 ரூபாய் என்றும் மத்திய ஆணையம் உச்சவரம்பு கட்ட நேர்ந்தது.

காற்றாலைக்காரர்கள் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. "காற்று நன்றாக அடிக்கிற சமயத்திலேயே, கம்பி தாங்காது, நிறுத்து என்கிறீர்கள். அன்றைய காற்று மறுநாள் வருமா? விற்ற மின்சாரத்துக்கும் பணம் மாதக் கணக்கில் பாக்கி" என்பது அவர்களுடைய நெடுநாள் குறை. 2012-ல் தமிழ்நாட்டில் நாளொன்றுக்குப் பல மணி நேரம் மின்சாரம் போனதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அம்மியையும் ஆட்டுக்கல்லையும் மறுபடி தேடின காலம் அது. அந்தச் சமயத்திலும், கம்பி போதாமையால் தெற்கே சில காற்றாலைகளை நிறுத்தி வைத்தார்கள். காற்று இருந்தது, இயந்திரம் இருந்தது, கொண்டுபோக வழியில்லை. 2013-ம் வருஷம் டிசம்பர் 31-ந் தேதிதான் தென்னாட்டு மின் தொகுப்பு அகில இந்தியத் தொகுப்போடு இணைந்தது. அதன் பிறகு இங்கு மிகுந்ததை வடக்கே அனுப்பவும், அங்கிருந்து தருவிக்கவும் வழி விசாலமாயிற்று.

ஆகவே காற்று இலவசமானாலும் மூன்று செலவுகள் நிற்கின்றன. கொண்டுபோகிற செலவு, வைத்துக்கொள்கிற செலவு, காற்றில்லாத நேரத்தில் மாற்று ஏற்பாட்டுச் செலவு. வைத்துக்கொள்ளக் குதிர் இல்லை என்று சொன்னேனே, முழுக்க இல்லை என்று சொல்ல முடியாது. வால்பாறைப் பக்கத்தில் காடம்பாறை என்ற இடத்தில், மின்சாரம் மிகுந்த நேரத்தில் தண்ணீரைக் கீழ் அணையிலிருந்து மேல் அணைக்கு ஏற்றி, தேவையான நேரத்தில் இறக்கி 400 மெகாவாட் வரை மின்சாரம் எடுக்கிறார்கள். 1980-களிலேயே வந்த ஏற்பாடு. நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இன்னொன்றைக் கட்டத் தொடங்கினார்கள். பெரிய பெரிய பாட்டரிகளும் வரத் தொடங்கியிருக்கின்றன. இவை பெருகப் பெருக ஆடிக் காற்று அடுப்படிக்கு மலிவாக வரும்.

இதில் வீட்டிலிருக்கிற நமக்கு என்ன பங்கு?

எது எப்போது மலிவு என்பது பெண்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாங்காய் மலிந்த மாதத்தில் ஊறுகாய் போடுகிறவர்கள், வெயில் காய்கிற நாளில் வற்றல் இடுகிறவர்கள் நாம்தானே? மின்சாரத்துக்கும் பருவமுண்டு, பொழுதுண்டு. சூரிய மின்சாரம் மிகுந்துவிட்ட இந்நாளில் நடுப்பகல் மின்சாரம் மலிவு. விளக்கேற்றும் நேரத்திலிருந்து இரவு பத்து மணி வரை கிராக்கி. ஆனால் நம் வீட்டு மீட்டருக்கு மணி பார்க்கத் தெரியாது. நண்பகலில் மாவரைத்தாலும், எல்லோரும் டெலிவிஷன் பார்க்கும் நேரத்தில் அரைத்தாலும் அதற்கு ஒரே கணக்கு.

நேரத்துக்கு ஏற்ற கட்டணம் வேண்டுமென்று மத்திய சர்க்கார் 2023-ல் விதி செய்தது. வெயில் நேரத்தில் குறைவு, உச்ச நேரத்தில் கூடுதல். ஸ்மார்ட் மீட்டர் வந்த பிறகு வீடுகளுக்கும் அது பொருந்த வேண்டும் என்பது விதியின் நோக்கம். நல்ல யோசனைதான். ஆனால் இங்கே நாம் விழித்துக்கொள்ள வேண்டும். பகலெல்லாம் பீடி சுற்றியும், தையல் தைத்தும், ஆபீஸில் வேலை செய்தும் ஆறு மணிக்கு வீடு திரும்புகிறவள் நடுப்பகலில் எப்படி மாவரைப்பாள்? அவள் விளக்குப் போடுகிற நேரமே உச்ச நேரம். உச்ச நேரத்துக் கூடுதல் கட்டணம் மட்டும் அவள் தலையில் விழுந்து, பகல் நேரத்துக் குறைந்த விலை கல்லாப் பெட்டியிலேயே தங்கிவிட்டால், காற்றினால் யாருக்குப் பிரயோஜனம்? 2016 முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமென்று இருப்பதைப் போல, சிறு குடும்பத்தின் அன்றாடத் தேவைக்கு ஒரு காப்பு இருக்கத்தான் வேண்டும். ஐரோப்பாவில் சூடுபட்ட பிறகு சட்டத்தில் எழுதினதை நாம் சூடுபடாமலே எழுதிக்கொள்ளலாமே!

காற்றைப் பிடிக்க நம்மவர்கள் கற்றுக்கொண்டுவிட்டார்கள். பாவூர்சத்திரத்து வானமே சாட்சி. பிடித்த காற்றை நியாயமாகப் பங்கு போடுவதுதான் பாக்கி. ஆகையால் ஸ்மார்ட் மீட்டர் மாட்ட யாராவது வந்தால், வாசலிலேயே நிறுத்தி ஒரு கேள்வி கேளுங்கள்: "அப்பா, இதில் மலிவான நேரத்துக்கு எவ்வளவு குறையும்?" கறிகாய்க்காரரிடம் கொசுறு கேட்கத் தயங்காத நாம், இதைக் கேட்கவா தயங்கப் போகிறோம்?