படுத்தால் தெளிவது நடிப்பல்ல

எடப்பாடிப் பக்கம் ஓர் இளம்பெண் நின்றவாக்கில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டால், ஊர் சொல்லும் காரணம் அநேகமாக ஒன்றுதான்: "சரியாச் சாப்புடறதில்லீங்க, ரத்தம் கம்மி." ரத்தப் பரிசோதனையில் குறையில்லை என்று வந்துவிட்டால் பேச்சு மாறும்: "சும்மா பயந்துக்கறா." மாதக்கணக்கில் நீடித்தால் இன்னும் கடுமையாகும்: "படுத்தா நல்லாத்தான் இருக்கறா. எந்திரிச்சு வேலை செய்யின்னா மட்டும் கிறுகிறுன்னு வருதாமா."

இந்தக் கடைசிப் பேச்சை முதலில் மறுக்கிறேன். அதிகம் காயப்படுத்துவது அதுதான். படுத்தால் தெளிவதும், எழுந்து நின்றால் படபடப்பும் தலைச்சுற்றலும் வருவதும்தான் ஒரு நோயின் முதல் அடையாளம். போஸ்சுரல் ஆர்த்தோஸ்டாட்டிக் டாக்கிகார்டியா சிண்ட்ரோம் என்பது அதன் முழுப்பெயர், சுருக்கமாக பாட்ஸ். அந்தப் பெண்ணின் மீது சுமத்தும் குற்றச்சாட்டையே நோய்க்குறிப்பாக எழுதிக்கொண்டு போனால், விவரம் தெரிந்த மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

எழுந்து நின்றதும் யாருக்குமே அரை லிட்டருக்குக் குறையாத ரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்கிவிடும். நரம்புகள் உடனே ரத்தக்குழாய்களை இறுக்கி அதை மேலே அனுப்பும். நாம் அறியாமலே நடந்து முடிகிற காரியம் இது. பாட்ஸ் உள்ளவர்கள் பலருக்குக் குழாய்கள் போதுமான அளவு இறுகுவதில்லை. சிலருக்கு உடம்பில் ஓடும் ரத்தத்தின் மொத்த அளவே குறைவு. மேலே வருவது குறைந்ததும் இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டப் பார்க்கிறது. பாட்ஸ் என்று சொல்ல, நின்ற 10 நிமிடத்துக்குள் துடிப்பு நிமிடத்துக்கு 30-க்குக் குறையாமல், 12 முதல் 19 வயதுக்காரர்களுக்கு 40-க்குக் குறையாமல் ஏற வேண்டும். ரத்த அழுத்தம் பெரிதாக விழக் கூடாது. தொல்லை 3 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். வேறு காரணமும் இருக்கக் கூடாது. இதுதான் கணக்கு. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஷோண்டார்ஃப், லோ என்ற இரு மருத்துவர்கள் 1993-இல் இந்தப் பெயரில் இதை விவரித்தார்கள். பெரும்பாலும் 15 முதல் 50 வயதுக்குள் உள்ள பெண்களுக்கு வருகிறது. வைரஸ் காய்ச்சல், அறுவை சிகிச்சை, பிரசவம் இவற்றுக்குப் பிறகு தொடங்குவது உண்டு. கொரோனாவுக்குப் பின் உலகமெங்கும் இது கூடுதலாகக் கண்ணில் படுகிறது.

"எல்லா டெஸ்டும் நார்மல், அப்புறம் என்ன நோய்?" என்பார்கள். ஈசிஜி எடுப்பது படுக்க வைத்து. பிரஷர் பார்ப்பது உட்கார வைத்து. நின்றால் வரும் நோய் அங்கே எப்படித் தெரியும்? சோதிக்கப் பெரிய கருவிகூட வேண்டியதில்லை. 5 நிமிடமாவது அமைதியாகப் படுக்க வைத்து மணிக்கட்டில் துடிப்பை எண்ணுங்கள். பிறகு, குதிகால் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளியிருக்க, முதுகைச் சுவரில் சாய்த்து அசையாமல் நிற்கச் சொல்லி, 10 நிமிடம் வரை நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணிக் குறியுங்கள். படுத்திருந்தபோது 74 இருந்தது நின்றபின் 110, 115 என்று ஏறி அங்கேயே நிற்கலாம். பாதத்தைப் பாருங்கள், சிலருக்குச் செந்நீலமாக மாறியிருக்கும். பக்கத்தில் ஓர் ஆள் இருந்தாக வேண்டும். கண் இருட்டினால் உடனே படுக்க வைத்துவிட வேண்டும். எழுதிய தாளை மருத்துவரிடம் காட்டுங்கள்.

ரத்தசோகைப் பேச்சை அடியோடு தள்ள மாட்டேன். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். ஆகவே ஹீமோகுளோபினையும் தைராய்டையும் முதலில் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அவை சரியாக இருந்தும் தொல்லை நீடிக்கும்போது, மேலும் மேலும் இரும்புச்சத்து மாத்திரையை நீட்டுவது வைத்தியமாகாது.

பயம்தான் காரணமா? இதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், பாட்ஸ் உள்ளவர்களைச் சாய்மேசையில் தலைப்பக்கம் உயர்த்தி, கால்களையும் வயிற்றையும் காற்றடைத்த உறையால் இறுக்கினார்கள். ஏறியிருந்த துடிப்பு இறங்கியது. மனத்தை அழுத்தும் சோதனைகளில் அவர்கள் இதயம் மற்றவர்களுடையதைப் போலத்தான் துடித்தது. பயத்தால் ஏறிய துடிப்பென்றால் காலை இறுக்கியதும் இறங்குமா? நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டால் யாருக்கும் பயம் வரும். அது நோயின் விளைவு.

உப்பைக் குறை என்ற அறிவுரை, ரத்தக்கொதிப்பு மலிந்த நாட்டில் சரியானதே. உலக சுகாதார நிறுவனமும் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பை நிறுத்தச் சொல்கிறது. பாட்ஸில் நிலைமை நேர்மாறு. நாளுக்கு 2 முதல் 3 லிட்டர் தண்ணீர், அதோடு 10 கிராம் அளவுக்கு உப்பு என்று மருத்துவர்களே சொல்வது உண்டு. ரத்தக்கொதிப்போ சிறுநீரக, இதயக் கோளாறோ இருந்தால் இது ஆபத்து. மருத்துவர் சொல்லாமல் தொடக் கூடாது. சொல்லிவிட்டால் நம் வீட்டிலேயே வழி இருக்கிறது: உப்புப் போட்ட நீராகாரம், மோர், ஓஆர்எஸ் கரைசல். காலையில் கட்டிலை விட்டு இறங்குமுன் இரண்டு டம்ளர் தண்ணீர். கால்களை இறுக்கும் நீளமான காலுறை உதவும், ஆனால் சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொள்வது கொடுமை. வயிற்றை இறுக்கும் பெல்ட்டும் உதவும், ரத்தம் அங்கேயும் தேங்குகிறது. இவற்றுக்கும் அடங்காதவர்களுக்கு ப்ரோப்ரனலால், ஐவாப்ரடின், மிடோட்ரின் போன்ற மருந்துகளை மருத்துவர்கள் தருகிறார்கள்.

"ஓடியாடி வேலை செஞ்சா தானாப் போயிரும்" என்பதில் ஒரு துளி உண்மை உண்டு. பயிற்சி நன்மை தருகிறது. 2010-இல் அமெரிக்காவின் டல்லாஸில் லெவின் என்ற மருத்துவரின் குழு பாட்ஸ் உள்ளவர்களுக்கு 3 மாதப் பயிற்சி கொடுத்தபோது, முடித்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் நோயின் அளவுகோலுக்கு வெளியே வந்தார்கள். சிறிய ஆய்வுதான். ஆனால் அவர்கள் தொடங்கியது ஓட்டத்தில் அல்ல; சாய்ந்தபடி மிதிக்கும் சைக்கிள், துடுப்பு இழுப்பது, நீச்சல் போன்றவற்றில். கொரோனாவுக்குப் பின் பாட்ஸ் வந்தவர்களில் சிலருக்கு அளவு மீறிய உழைப்பு நிலைமையை மோசமாக்கவும் செய்யும். கல்யாணம் ஆனால் சரியாகும் என்பவர்களுக்கு மறுப்பே தேவையில்லை. பிரசவத்துக்குப் பிறகு இது தொடங்குவதை மேலேயே சொன்னேன்.

எடப்பாடிப் பக்கத்துத் தறிப்பட்டறை வேலையை நினைத்துப் பாருங்கள். இழை அறுந்தால் முடிவது, நாடாவில் தார் மாற்றுவது, அடுத்த தறிக்கு நகர்வது, ஷிப்டு முழுக்கக் காலில்தான். தகரக் கூரையின் வெக்கையில் வேர்வையாகப் போகும் தண்ணீரும் உப்பும் வேறு. ஒரே இடத்தில் நிற்பதும் வெக்கையும்தான் பாட்ஸுக்கு ஆகாதவை. பட்டறைக்காரர்களிடம் நான் கேட்பது பெரிய சலுகை அல்ல: தறிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல், கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர், கண் இருட்டினால் கேள்வி கேட்காமல் 10 நிமிடம் காலைத் தூக்கி வைத்துப் படுக்க ஓர் இடம், முடிந்தால் சில மாதங்களுக்கு உட்கார்ந்து தார் சுற்றும் வேலை. கூலியைப் பிடிக்காமல்.