நோட்டரி முத்திரை குத்தி ஏமாறாதீர்கள்



நெதர்லாந்தில் இருக்கும் மகளுக்குப் பிறப்புச் சான்றிதழை 'அட்டெஸ்ட்' செய்து அனுப்ப வேண்டியிருந்தது. கோர்ட் வாசலில் ஒருவர் ஜெராக்ஸில் நோட்டரி முத்திரை குத்தி 500 ரூபாய் வாங்கிக்கொண்டார். அங்கே நகராட்சியில் அதைச் சீண்டக்கூட இல்லை. அவர்கள் கேட்டது அப்போஸ்டில். 2005 முதல் இந்தியாவும் அந்த ஹேக் உடன்படிக்கையில் இருக்கிறது. ஒரிஜினலில் முதலில் மாநில அரசின் சான்றொப்பம், பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில். அமைச்சகக் கட்டணம் வெறும் 50 ரூபாய். ஆனால் நாம் நேரில் போனால் வாங்க மாட்டார்கள். அவர்கள் நியமித்த நிறுவனம் வழியாகத்தான் போக வேண்டும். அந்தச் சந்தில் புகுந்த ஏஜென்ட் என்னிடம் கேட்டது 6,000!

ஏஜென்டைத் திட்டி என்ன பயன்? சான்றிதழ் கொடுத்ததும் அரசு, அது நிஜம்தான் என்று சொல்ல வேண்டியதும் அரசு. இப்போது கியூஆர் கோடு வேறு. நான் போட்ட மார்க் சரிதான் என்று கையெழுத்துப் போட உங்கள் அப்பாவிடம் நான் காசு கேட்டிருந்தால் சும்மா விட்டிருப்பாரா?

துபாய் போகிறவர்கள் கவனிக்கவும்: அமீரகம் அந்த உடன்படிக்கையில் இல்லை, தூதரக அட்டெஸ்டேஷன் வேண்டும். எந்த நாடு என்று கேட்காமலே பணம் பேசுகிறவரிடம் ஒரிஜினலைக் கொடுத்துவிடாதீர்கள்.