உடைந்த பல்லும் போகிற பேரும்



"பேராதனையில் பல் ஆஸ்பத்திரி இருக்கிறதே, வைத்தியம் இலவசம்தானே" என்கிறார்கள் துரைமார். வைத்தியம் இலவசம்தான். போய் வரும் நாள் இலவசமா? கொழுந்து மலையில் வழுக்கி விழுந்து முன்பல் உடைந்தவர் தெல்தோட்டையில் விடியவே பஸ் ஏறினாலும், வரிசையில் நின்று வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடும். அன்றைக்குப் பேர் இல்லை. அன்றைய சம்பளமும் போச்சு. பல்லைக் காப்பாற்றும் வேர் சிகிச்சைக்கோ இரண்டு மூன்று தடவை போக வேண்டிவரும். தனியார் டாக்டரிடம் போனால் தோட்டை அடகுக்கடைக்குப் போகும். அதனால்தான் காப்பாற்றக்கூடிய பல்லையும் "பிடுங்கிவிடுங்க ஐயா" என்று சொல்லிவிட்டு வருகிறோம்.

கம்பனி நம் பெயரில் மாதாமாதம் 3 வீதம் கட்டும் ஈ.டி.எப். நிதியம் இருதய சத்திரசிகிச்சைக்கு உதவுகிறது, கண் வில்லைக்கு உதவுகிறது. பல்லை மட்டும் உடம்போடு சேர்க்கவில்லை போலும்!

ஆஸ்பத்திரி துண்டோடு வருபவருக்கு அன்றைய பேரை செக்ரோலில் போட வேண்டும். வேலையில் உடைந்த பல்லென்றால் பஸ் காசையும் கம்பனியே தர வேண்டும். அடுத்த பேச்சுவார்த்தையில் இதை எடுக்கிறோம். பல் வைத்தியத்துக்காகப் பேர் இழந்த நாட்களைத் தோட்டத் தலைவர்மார் எழுதி, சங்கக் காரியாலயத்துக்கு இந்த மாதத்துக்குள் தாருங்கள்.