வீதியில் எளியோர்க்கு ஓரிடம்

ஒழுங்கை என்னுஞ் சொல் நம்மூரில் இருமருங்கும் வேலி சூழ்ந்த சிறு வழியைக் குறிப்பதாகும். இன்று பெருவீதியிற் கோடிட்டுப் பஸ் வண்டிகளுக்கென ஒதுக்கிய பகுதியையும் அச்சொல்லாலேயே வழங்குகின்றோம். இவ்வொழுங்கையில் துவிச்சக்கர வண்டிக்கு இடமுண்டெனின் மோட்டார்ச் சைக்கிளுக்கும் இடமுண்டோ என்பது நகரங்கள் பலவற்றில் எழுந்துள்ள வினா. இடமளித்தல் தகாது என்பதே எமது துணிபு.

நம் பழைய மாணவர் பலர் வாழும் இலண்டன் மாநகரில், துவிச்சக்கர வண்டிகள் செல்லும் பஸ் ஒழுங்கைகள் பலவற்றில் 2009 இல் மோட்டார்ச் சைக்கிள்களும் பரிசோதனையாக அனுமதிக்கப்பட்டன. 2012 இல் அவ்வனுமதி நிலைபெற்றது. கொழும்பிலோ, 2020 செப்டெம்பரில் பஸ் ஒழுங்கை விதி நடைமுறைக்கு வந்தபொழுது, மோட்டார்ச் சைக்கிள்களும் முச்சக்கர வண்டிகளும் அவ்வொழுங்கையிலேயே செல்லுமாறு பணிக்கப்பட்டன. கண்டனம் எழவே, சின்னாளில் அப்பணிப்பு மாற்றப்பட்டது. ஒரே வினாவுக்கு இரு நகரங்கள் இருவேறு விடை கண்டன.

மோட்டார்ச் சைக்கிளோட்டுவோர் கூறும் நியாயம் புறக்கணிக்கத்தக்கதன்று. அவர்க்கும் உடலைக் காக்கும் கூடு இல்லை. பெரிய வாகனங்களுக்கிடையே நெருக்குண்டு உயிரிழப்போர் அவருள்ளும் பலர். எனினும், அவர்க்கு இயந்திர வலியுண்டு. காரோடு ஒத்த விரைவிற் செல்ல இயலும். மிதித்துச் செல்வோனுக்கு அவ்வலி ஏது?

மணிக்கு 15 கிலோமீற்றர் செல்லும் வண்டியையும் 60 கிலோமீற்றர் செல்லும் வண்டியையும் ஒப்பு நோக்குக. விரைவு நான்கு மடங்கு. எடை ஒன்றேயாயினும் மோதலின் ஆற்றல் பதினாறு மடங்காகும். மோட்டார்ச் சைக்கிளின் எடையோ பன்மடங்கு மிகுதி. பஸ் வண்டியும் விரைவுடையதன்றோ எனின், அது தரிப்பிடந்தோறும் நின்று செல்வது. பயின்ற சாரதியாற் செலுத்தப்படுவது. மோட்டார்ச் சைக்கிளுக்குத் தரிப்பிடம் இல்லை. நின்ற பஸ்ஸை இடப்புறமாகக் கடக்க முயலுங்கால், இறங்குவோன் காலடி வைக்கும் இடமே அதன் வழியாகின்றது. அவ்வோரத்தில் மிதித்து வருவோன் ஒதுங்குதற்கு வேறிடம் எங்கே?

துவிச்சக்கர வண்டியின் அருமையை நம்மவர்க்கு எடுத்துரைத்தல் வேண்டா. போர்க்காலத்தில் எரிபொருள் அரிதானபோது குடாநாட்டைச் சுமந்தது அவ்வண்டியே. 2022 இல் எரிபொருட் பஞ்சம் வந்தபோதும் நாடு முழுவதும் அதனையே நாடிற்று. தொழிலாளியும் பள்ளி மாணவனும் பஞ்சமில்லாக் காலத்தும் அதனையே நம்பியுள்ளனர். அச்சத்தால் அவர்கள் அதனைக் கைவிடின், வீதியில் இன்னும் ஓர் இயந்திரம் கூடுமேயன்றி நெருக்கம் குறையாது.

ஆதலின், பஸ் ஒழுங்கை பஸ்ஸுக்கும் மிதிப்போனுக்குமே உரியதாகுக. மோட்டார்ச் சைக்கிளோட்டுவோர்க்குக் காப்பு வேண்டின், ஏனைய வாகனங்களின் விரைவைக் கட்டுப்படுத்தி அதனை அளித்தல் வேண்டும். தம்மினும் எளியோன் இடத்தைப் பறித்தன்று. நம் நகரத்திலும் இவ்வொழுங்கை ஒருநாள் கோடிடப்படலாம். அக்கோட்டை வரையும் பதவியில் நம் கல்லூரி மைந்தர் இருப்பின், காலையிற் புத்தகப்பையுடன் மிதித்துவரும் சிறுவனை நினைந்து வரைவாராக.