போனதும் திரும்பும்!

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்றாலே கார், டயர், செல்போன்தான் நினைவுக்கு வரும். அங்கே டென்னிஸுக்கு என்ன வேலை என்கிறீர்களா? இருக்கிறது!

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கியது 1998-ல். அதற்கு ஓராண்டு முன்புதான் நுங்கம்பாக்கத்துக்கு வந்தது சர்வதேச ஆண்கள் டென்னிஸ் போட்டி. 1996-ல் டெல்லியில் தொடங்கி, 1997-ல் சென்னைக்கு இடம் பெயர்ந்த போட்டி அது. உலகம் சென்னையைத் தேடி வர ஆரம்பித்த காலம்!

சென்னையில் முதல் சாம்பியன் ஸ்வீடனின் மிகேல் டில்ஸ்ட்ராம். அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியாவின் பேட்ரிக் ராஃப்டர். 2003-ல் தாய்லாந்தின் பாரடார்ன் ஸ்ரீசபன். 2004, 2005 இரண்டு ஆண்டும் ஸ்பெயினின் கார்லோஸ் மோயா. சுனாமி தாக்கிய சில நாட்களிலேயே நடந்த 2005 போட்டியில் வென்ற பரிசுப் பணத்தை அவர் நிவாரணத்துக்கே கொடுத்தார். சென்னை அவரை மறக்குமா?

2004-ல் இங்கே இரட்டையர் பட்டம் வென்ற 17 வயதுப் பையன் ஒருவன் உண்டு. பெயர், ரஃபேல் நடால்! ஆனால் ஒற்றையர் பட்டம் மட்டும் அவருக்குச் சென்னையில் கிடைக்கவே இல்லை. 2008 அரையிறுதியில் மோயாவுடன் கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் போராடி வென்றார். மறுநாள் இறுதிப் போட்டியில் களைத்துப்போய், ரஷ்யாவின் யூஸ்னியிடம் 0-6, 1-6 என்று தோற்றார்.

சென்னையின் செல்லப்பிள்ளை என்றால் ஸ்விட்சர்லாந்தின் வாவ்ரிங்காதான். 2011, 2014, 2015, 2016 என நான்கு பட்டங்கள். 2014-ல் இங்கே கோப்பையை வாங்கிக்கொண்டு போனவர், அதே மாதம் ஆஸ்திரேலிய ஓப்பனையும் வென்றார்.

நம்மவர்கள்? லியாண்டர் பயஸ் - மகேஷ் பூபதி ஜோடி இங்கே ஐந்து முறை இரட்டையர் பட்டம் வென்றது. 2009-ல் வைல்டு கார்டு மூலம் நுழைந்த சோம்தேவ் தேவ்வர்மன் இறுதிப் போட்டி வரை வந்து சிலிச்சிடம் தோற்றார். 2017-ல் ரோஹன் போபண்ணாவும் சென்னையின் ஜீவன் நெடுஞ்செழியனும் இரட்டையர் கோப்பையைத் தூக்கினார்கள்.

அதுதான் கடைசி ஆண்டு. 2018-ல் போட்டி புனேவுக்குப் போனது. 2023-க்குப் பிறகு இந்தியாவிலேயே இல்லை. இருபத்தோரு ஆண்டுகள் சென்னையில் நடந்த திருவிழா, அடுத்த ஜனவரியில் காணோம்!

இந்த வலி ஸ்ரீபெரும்புதூருக்குப் புதிதல்ல. ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு போட்ட நோக்கியா ஆலை, 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. கம்பெனி பஸ் வராத காலை எப்படி இருக்கும் என்பது அந்தக் குடும்பங்களுக்குத் தெரியும். ஆனால் கதை அங்கே முடியவில்லை. சால்காம்ப் நிறுவனம் அதே வளாகத்தை வாங்கி, சார்ஜர் தயாரிக்க ஆரம்பித்தது. கற்ற கை அங்கேயே இருந்ததால்தானே வேலையும் தேடி வந்தது?

நுங்கம்பாக்கத்திலும் அதுவே நடந்தது. 2022-ல் சென்னை ஓப்பன் பெண்கள் போட்டியாகத் திரும்பியது. பட்டம் வென்றவர் செக் நாட்டின் 17 வயது லிண்டா ஃப்ருவிர்தோவா. 2024 பிப்ரவரியில் அதே மைதானத்தில் சேலஞ்சர் பட்டம் வென்ற சுமித் நாகல், உலகின் முதல் நூறு பேருக்குள் நுழைந்தார்.

பெரிய பெயர்கள் வரும், போகும். பேட்டோ ஸ்பேனரோ, ஒருமுறை கைக்குப் பழகிவிட்டால் அந்தத் தொழில் ஊரை விட்டுப் போகாது. பழகிய கைகளைக் காப்பாற்றி வைத்திருக்கும் ஊருக்கு, போனதும் ஒருநாள் திரும்பி வரும்!