‘கோயில்’ என்றொரு கோப்பு

திருத்தணி மலைக்கு 365 படிகளை ஏறி வருகிறவரும், மலைப்பாதையில் வண்டியில் வருகிறவரும் ஒரே சந்நிதியில் நின்று கைகூப்புகிறார்கள். வந்த வழியை அங்கே எவரும் விசாரிப்பதில்லை. கணினி நிரலாளர்கள் ‘அடிப்படை வகுப்பு’ என்று ஒன்றை ஏற்படுத்திக்கொண்டதன் தாத்பரியமும் இதுவே. கோப்பு சொந்தக் கணினியில் இருந்தாலும், ஜிப் பொதியில் இருந்தாலும், தொலைதூர சர்வரில் இருந்தாலும், திறப்பது, பட்டியலிடுவது, நீக்குவது முதலிய காரியங்களை நிரல் ஒரே விதமாகக் கேட்கலாம்; அந்தந்த இடத்துக்குரிய உபாயத்தை வழிவந்த வகுப்புகள் பார்த்துக்கொள்ளும். பைதான் மொழியின் ‘பைஃபைல்சிஸ்டம்’ நூலகத்தில் வழிவந்த வகுப்பு எழுதித் தரவேண்டியவை ஏழே செயல்கள். நகலெடுத்தல், இடம் மாற்றுதல் போன்றவற்றை அவ்வேழையும் கொண்டு அடிப்படை வகுப்பே நிறைவேற்றிவிடுகிறது. மிகச் சிக்கனமான, அழகான ஏற்பாடு இது.

ஆயினும் தமிழ்ப் பெயர்களின் விஷயத்தில் இந்த அடிப்படை வகுப்புக்கு இன்னொரு கடமையும் உண்டென்பது என் அபிப்பிராயம். ‘கோயில்’ என்பதன் முதலெழுத்தை யூனிகோடில், ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்த்தும் எழுதலாம். இரட்டைக் கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியே இட்டும் எழுதலாம். கண்ணுக்கு வேற்றுமை தெரியாது. இரண்டும் ஒன்றே என்பதுதான் யூனிகோட் விதியும். ஆனால் லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை சாதாரணமாகப் பைட்டுகளை மட்டுமே பார்ப்பதால் அவற்றை வெவ்வேறு கோப்புகளாகக் கொள்கிறது. மாக் கணினிகளில் நெடுநாள் வழங்கிய எச்.எஃப்.எஸ். பிளஸ்ஸோ பெயரைப் பிரித்தே எழுதிவைத்தது. அங்கிருந்து பிரதியெடுத்து வந்த கோப்பை இங்கே ‘கோயில்’ என்று தட்டித் தேடுகிறவருக்கு, கண்ணெதிரே கிடப்பதே ‘இல்லை’ என்று பதில் வரும்.

இதை வழிவந்த வகுப்புகளை எழுதுவோரிடம் விட்டுவிடலாம் என்பது பொருந்தாது. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி சென்னை ராஜ்யத்தோடு சேரும் வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணியில் தமிழும் தெலுங்கும் அக்கம்பக்கத்து மொழிகள். தெலுங்கின் ஐகாரக் குறிக்கும் இதே இக்கட்டு உண்டு. உலகின் எந்த மூலையிலோ இருந்து ஒரு வகுப்பை எழுதுகிறவர் இவ்விரண்டு லிபிகளின் நுட்பத்தையும் அறிந்திருப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. பெயரை வந்தபடியே காப்பாற்றி, ஒப்பிடும்போது மாத்திரம் இரு வடிவங்களையும் ஒன்றாகக் கொள்ளும் விதியை அடிப்படை வகுப்பிலேயே ஒருமுறை எழுதிவிடுவது உசிதம்; பெயரையே திருத்திக்கொண்டு தேடப் புகுந்தால் பழைய கோப்புகள் கைக்கு எட்டாமற் போகும்.

நூலகம் எழுதும் நம் இளைஞர்கள், அடிப்படை வகுப்போடு சேர்த்து வழங்கும் சோதனைத் தொகுப்பில் ‘கோயில்’ என்ற பெயரை இரண்டு வடிவங்களிலும் சேர்த்துவைக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.